எடைமேடையிலிருந்து பில்லுக்குச் செய்தி போக மூன்று சர்வர்கள் தேவையா?

கேள்வி: நன்னிலம் அருகே அரிசி ஆலை நடத்துகிறோம். எடைமேடை, பில், விவசாயிக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது என மூன்று மென்பொருள்களும் ஒரு பொதுக் கோப்புறை வழியாகத் தகவல் பரிமாறுகின்றன. பில் விவரங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் உள்ளன. சம்பா அறுவடையின்போது சில எடைச்சீட்டுகள் விடுபட்டன. சிலவற்றுக்கு இருமுறை பில் விழுந்தது. மூன்று சர்வர்களில் காஃப்கா என்ற, மென்பொருள்களுக்கிடையே செய்தி கடத்தும் மென்பொருளை நிறுவ ஒருவர் விலைப்புள்ளி தந்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எடைமேடை பாதி எழுதிய கோப்பைப் பில் மென்பொருள் அவசரப்பட்டுத் திறந்தால் சீட்டு விடுபடும். பில் போட்டபின் கோப்பை அழிப்பதற்குள் மின்சாரம் போனால் அதே சீட்டு மறுபடியும் பில்லாகும். உங்கள் கோளாறு பெரும்பாலும் இவ்வளவே. இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி இரவும் பகலும் வந்தாலும் நாளைக்கு 720 சீட்டுகள்தான். லிங்க்ட்இன் நிறுவனம் தன் பெருவெள்ளமான தரவுகளுக்காக உருவாக்கி 2011இல் திறந்த மூலமாக வெளியிட்ட காஃப்காவுக்கு இங்கே வேலையில்லை.

கையிலிருக்கும் போஸ்ட்கிரெஸிலேயே ஓர் அட்டவணையைச் சீட்டுகள் காத்திருக்கும் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். 2016இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து, ஓர் இணைப்பு எடுத்த பதிவை மற்றொன்று தொடாமல் அடுத்ததற்குப் போகும் 'ஸ்கிப் லாக்டு' வசதி அதில் உண்டு. பில்லைப் பதிவதையும் சீட்டை முடிந்ததாகக் குறிப்பதையும் ஒரே பரிவர்த்தனையாக எழுதினால், மின்சாரம் எந்த நொடியில் போனாலும் இரண்டும் நடந்திருக்கும் அல்லது இரண்டும் நடந்திருக்காது. ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்தின், வானொலிபோல் செய்தியை ஒலிபரப்பும் 'பப்-சப்' முறையை யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் இணைப்பில் இல்லாத மென்பொருளுக்குச் செய்தி கிடைக்கவே கிடைக்காது.

எடைமேடை வேறு ஊரில் இருந்து, இணைப்பு அடிக்கடி அறுபடுமானால் மட்டும் கூடுதல் ஏற்பாடு தேவை. சீட்டை முதலில் எடைமேடைக் கணினியின் வட்டிலேயே எழுத வேண்டும்; ஆலையிலிருந்து ஒப்புகை வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். சீட்டு வந்து சேர்ந்து, ஒப்புகை மட்டும் வழியில் தொலைந்தால் அதே சீட்டு மீண்டும் வரும் என்பதால், சீட்டு எண் இரண்டாம் முறை பதிவாகாதபடி டேட்டாபேஸிலேயே தடை வையுங்கள். இடையில் ராபிட்எம்கியூ என்ற செய்தி வரிசை மென்பொருளை வைத்தாலும் இந்தத் தடை வேண்டும். அதில் வரிசை, செய்தி இரண்டையுமே வட்டில் நிலைக்கும்படி அமைக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் சர்வர் மறுதொடக்கத்தில் செய்தி போய்விடும்.

விலைப்புள்ளியில் 'காஃப்கா உரிமக் கட்டணம்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாச்சி காஃப்காவுக்கு உரிமக் கட்டணமே கிடையாது. பக்கத்து வட்டத்தில் ஓர் ஆலை அந்தக் கட்டணத்தைக் கட்டியதை நானே பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். நான் பார்த்த கடன் கோப்புகளில் மூன்று சர்வர்களுக்கு உடனே ஒப்புதல் கிடைக்கிறது, ஒரு நிரலரின் நான்கு நாள் கூலிக்குக் கிடைப்பதில்லை. இடைத்தரகர்கள் பிழைப்பதே இந்த ஏற்பாட்டில்தான்.

யாரிடம் வேலை கொடுத்தாலும், பணம் தருவதற்கு முன் 100 மாதிரிச் சீட்டுகளை அனுப்பச் சொல்லி, நடுவில் சர்வரின் பிளக்கைப் பிடுங்குங்கள். மீண்டும் இயக்கியபின் 100 பில்கள் இருக்க வேண்டும்; 99ஆகவோ 101ஆகவோ இருந்தால் வேலை முடியவில்லை.