எட்டு நிமிடத்தில் யாரும் சாகமாட்டோம்

கேள்வி: "சூரியன் திடீரென்று மறைந்துபோனால் 8 நிமிடத்தில் பூமி உறைந்து, காற்று தீர்ந்து, எல்லோரும் செத்துவிடுவோம்" என்று ஒரு வீடியோ வந்தது. நானும் சொந்தக்காரர்கள் குழுக்களுக்கு அனுப்பினேன். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதைப் பார்த்துவிட்டு ரெண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. இது உண்மையா?
— வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் உங்கள் மகளுக்கு. கண்ணு, அந்த வீடியோ சொல்வது தப்பு. பயப்படாமல் தூங்கு.

அம்மா, இனி உங்களுக்கு. உண்மையா பொய்யா என்று ஒருத்தரிடமும் கேட்காமல் அனுப்பிவிட்டு, பிள்ளை தூக்கம் கெட்ட பிறகு என்னிடம் கேட்கிறீர்கள். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். எந்தெந்தக் குழுவுக்கு அனுப்பினீர்களோ அத்தனைக்கும் இந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். அந்த வீடுகளிலும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருப்பார்கள்.

8 நிமிடம் என்ற கணக்கு மட்டும் சரி. ஆனால் அது சாவதற்குக் கொடுத்த கெடு கிடையாது. வெளிச்சம் நடந்து வரும் நேரம். விரிஞ்சிபுரம் கோயிலில் மணி காட்டும் கல் இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். அரைவட்டமாகக் கோடு போட்ட கல். மேலே ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் கோடுதான் மணி. போன பங்குனியில் நானே ஒரு ஈர்க்குச்சியை வைத்துப் பார்த்தேன், மெல்லிசாக ஒரு நிழல் விழுந்தது. அந்த நிழலை வரைந்த வெளிச்சம் சூரியனை விட்டுக் கிளம்பி 8 நிமிடம் 20 விநாடி ஆகியிருக்கும். தூரம் 15 கோடி கிலோமீட்டர். விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் அவ்வளவு நேரம் பிடிக்கும். ஆக, சூரியன் போய்விட்டது என்று வைத்துக்கொண்டாலும் அந்த 8 நிமிடம் எதுவுமே மாறாது. இலவம்பாடித் தோட்டத்தில் முள்ளு கத்தரி பறிக்கிறவர் பறித்துக்கொண்டே இருப்பார்.

ராத்திரியில் என்றால் நிலா அணையும். நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. பௌர்ணமியன்று வேலூர்க் கோட்டை அகழியில் தெரியும் நிலா, பகல் பக்கத்து நாடுகள் இருண்டு இரண்டரை விநாடி கழித்துக் காணாமல் போகும். வெளிச்சம் நிலா வரை போய்த் திரும்புகிற நேரம் அது. வியாழன் கிரகம் நடுராத்திரி உச்சியில் நிற்கிற மாதமாக இருந்தால், வெளிச்சம் அவ்வளவு தூரம் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் அது மட்டும் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மின்னிக்கொண்டிருக்கும். நட்சத்திரங்களுக்கு ஒன்றும் ஆகாது.

பூமியைப் பிடித்து வைத்திருக்கும் ஈர்ப்பும் அதே 8 நிமிடம் கழித்துத்தான் விடும். ஈர்ப்பில் ஏற்படும் மாற்றமும் ஒளியின் வேகத்தில்தான் பரவும் என்பது ஐன்ஸ்டைன் கணக்கு. 2017-இல் அது நேராகவே தெரிந்தது: 13 கோடி ஒளியாண்டு (ஒளி ஒரு வருஷத்தில் ஓடும் தூரம்தான் ஒரு ஒளியாண்டு) தள்ளி இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் (செத்துப்போன பெரிய நட்சத்திரங்களின் கெட்டியான மிச்சம்) மோதியதில் கிளம்பிய ஈர்ப்பலையும், கண்ணுக்குத் தெரியாத ஒருவகை ஒளியான காமாக் கதிரும் 2 விநாடிகூட வித்தியாசமில்லாமல் வந்து சேர்ந்தன. அப்புறம் பூமி கவணிலிருந்து விட்ட கல்லைப் போல, விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நேர்க்கோட்டில் போகும். நமக்கு ஒரு குலுக்கல்கூடத் தெரியாது.

உறைவதைப் பற்றி அந்த வீடியோக்காரர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். தினமும் ராத்திரி 12 மணி நேரம் சூரியன் இல்லாமல்தானே இருக்கிறோம்? சித்திரையில் பகலில் 40 டிகிரி காய்ந்தால் விடியற்காலையில் 27 என்று இறங்கும், அவ்வளவுதான். நிலமும் கடலும் வாங்கி வைத்த சூட்டை உடனே கொட்டிவிடாது. சூரியனே திரும்பி வராவிட்டால், பூமியின் சராசரி வெப்பம் இப்போதுள்ள 15 டிகிரியிலிருந்து சுமார் ஒரு வாரத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். ஒரு வருஷத்தில் மைனஸ் 70 பக்கம் வரும். கடல் மேலே உறையும். அந்தப் பனிக்கட்டியே போர்வையாகிவிடுவதால் அடியில் நெடுங்காலம் தண்ணீராகவே இருக்கும். கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி, சூரிய வெளிச்சமே படாத இருட்டில் உயிர்கள் கூட்டமாக வாழ்வதை 1977-இல் கலாபகோஸ் தீவுகள் பக்கம் கண்டுபிடித்தார்கள். அவற்றில் சில கிருமிகள் பிழைத்துக்கொள்ளும்.

காற்று தீர்ந்துவிடும் என்றது சுத்தப் பொய். செடிகள் பிராணவாயு தருவதை அந்தக் கணமே நிறுத்தும், உண்மைதான். ஆனால் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. அது ஆயிரக்கணக்கான வருஷங்களுக்குத் தாங்கும். மூச்சு முட்டாது, சோறுதான் கிடைக்காது. கத்தரிச் செடி சில நாளில் துவளும். சாலையோரப் புளியமரம் உள்ளே சேர்த்த மாவுச்சத்தை வைத்துக் கொஞ்ச காலம் நிற்கப் பார்க்கும், குளிர் அதற்கு முன்னாலேயே கொன்றுவிடும். மனிதர்கள் கடைசிக் காலத்தைக் கிடங்கு நெல்லிலும் விறகிலும் நிலக்கரியிலும்தான் ஓட்டுவார்கள். மூன்றுமே பழைய வெயில்.

இது நடக்குமா? நடக்காது. அவ்வளவு பெரிய பொருள் சட்டென்று இல்லாமல் போக இயற்கையில் வழியே இல்லை. சூரியனுக்கு வயது 460 கோடி. இன்னும் சுமார் 500 கோடி வருஷம் எரியும். அதற்கிடையில் மெல்ல மெல்லப் பிரகாசம் கூடும். கிட்டத்தட்ட 100 கோடி வருஷத்தில் கடல்களே வற்றிப்போகும் அளவுக்குச் சுடும். பூமிக்குக் காத்திருக்கும் ஆபத்து வெயில் இல்லாமையால் இல்லை, கூடுவதால்.

உங்கள் மகளுக்கு இப்போது இருட்டென்றாலே பயம் வந்திருக்கும். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். நட்சத்திரம் பார்க்க நல்ல இருட்டு வேண்டுமென்று தேடி 1960களில் பிடித்த இடம் அது. 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கி அங்கே இருக்கிறது. பள்ளி விடுமுறையில் கூட்டிக்கொண்டு போங்கள்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு அவளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையைத் தரையில் வைக்கச் சொல்லுங்கள். சூரியன் போய் மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். தரை இன்னும் சுடும்.