அறிவியல் புனைவு நாவல்களில் மனிதர்கள் ஏன் இவ்வளவு சண்டை போட்டுக்கொள்கிறார்கள்?

கேள்வி: வேற்றுக்கிரகம், விண்கலம், காலப் பயணம் என்று இவ்வளவு பெரிய விஷயங்களைக் கையில் வைத்துக்கொண்டு, கணவன் மனைவி சண்டை, சக ஊழியரின் பொறாமை, நண்பனின் துரோகம் என்று எழுதுவது பக்கத்தை நிரப்பத்தானா? அறிவியல் பின்னால் போய்விடுகிறதே?

பதில்:

பக்கத்தை நிரப்புவதற்காகவே எழுதப்படும் சண்டைகள் நிறைய உண்டு. கேப்டனும் விஞ்ஞானியும் மாறி மாறிக் கத்திக்கொள்ளும் காட்சி, ஒரே பெண்ணை இரண்டு விமானிகள் காதலிக்கும் கிளைக்கதை, வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும் ரகசியத்தைப் புத்தகம் முழுக்க இழுத்துக்கொண்டு போவது. இவற்றை அப்படியே தூக்கி ஒரு அலுவலகக் கதையிலோ கல்லூரிக் கதையிலோ வைத்தாலும் ஒன்றும் மாறாது. அப்படி வைக்க முடிகிறதா என்றுதான் நான் எப்போதும் பார்ப்பேன். முடிந்தால் உங்கள் எரிச்சல் நியாயமானது.

நல்ல நாவல்களில் அது முடியாது. அங்கே அறிவியல் செய்யும் வேலையே வேறு. சண்டை போடும் இருவருக்கும் சாதாரணமாக இருக்கும் ஏதோ ஒரு வழியை அது அடைத்துவிடுகிறது. கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வெளியே போக முடியாது, வெளியே காற்றே இல்லை. செத்துப்போனவளோடு இருந்த பாக்கியைக்கூட முடிந்தது என்று விட முடியாது, அவள் மறுநாள் காலையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இப்படி வழி அடைபட்ட பிறகு மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் நான் இந்த வகை நாவல்களைப் படிக்கிறேன்.

இந்த மரபின் தொடக்கமே அப்படித்தான். 1818இல் வந்த மேரி ஷெல்லியின் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ நாவலில் உயிர் உண்டாக்கும் செய்முறை சில வரிகளில் முடிந்துவிடும். மீதிப் புத்தகம் முழுக்க, கண் திறந்த அன்றே தன்னை விட்டுவிட்டு ஓடியவனிடம் அந்தப் படைப்பு கேட்கும் நியாயம்தான். பனிமலையில் தன்னைப் படைத்த விக்டரை எதிர்கொண்டு, என்னைத் திட்டுவதற்கு முன்னால் நான் சொல்வதை முழுதாகக் கேள் என்கிறது. தனக்கு ஒரு துணையைப் படைத்துத் தரச் சொல்கிறது. விக்டர் ஒப்புக்கொண்டு, பாதி வேலை முடிந்த நிலையில் அதன் கண்ணெதிரிலேயே கிழித்துப் போடுகிறான். பெற்றவன் கைவிட்ட பிள்ளையின் கோபம் எல்லா இலக்கியத்திலும் இருக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைக்கு வேறு உறவே கிடையாது, இனிமேல் கிடைக்கவும் வழியில்லை. அந்த வழியைத் திறக்கவோ மூடவோ முடிந்த ஒரே ஆள் விக்டர். அறிவியலை எடுத்துவிட்டால் அந்தக் கோபத்தின் அளவே சுருங்கிவிடும்.

1957இல் புத்தகமாக வந்த ஐசக் அசிமோவின் ‘த நேக்கட் சன்’ இன்னொரு விதம். சொலாரியா என்ற கிரகத்தில் மொத்தம் 20,000 பேர். ஆளுக்கு ஆயிரக்கணக்கில் ரோபோக்கள். ஒவ்வொருவரும் பெரிய எஸ்டேட்டில் தனியாக இருக்கிறார்கள். முப்பரிமாணப் பிம்பம் வழியாக மட்டும் பேசிக்கொள்வார்கள். நேரில் ஒருவரின் மூச்சுக்காற்று தன்மேல் படுவதை நினைத்தாலே அவர்களுக்குக் குமட்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கொலை. நேரில் பக்கத்தில் போகக்கூடியவர் என்று பார்த்தால் மனைவி ஒருத்திதான், அவர்களுக்குள் சண்டை இருந்ததும் எல்லோருக்கும் தெரியும். முடிவைச் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை. மனிதர்கள் ஒருவரையொருவர் சந்திக்காமல் இருந்தால் உரசல் இருக்காது என்று கட்டப்பட்ட சமூகம் அது. அங்கேயும் ஒருத்திக்குக் கணவன் அருகில் வரவில்லையே என்ற ஏக்கம், அதிலிருந்து கிளம்பும் கோபம். வீடியோ அழைப்பு சாதாரணமாகிவிட்ட இந்தக் காலத்தில் அதைப் படிப்பது தனி அனுபவம்.

என்னை மிகவும் பாதித்தது அர்சுலா லெ குவினின் ‘த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ (1969). உங்கள் கேள்விக்கு முழுப் பதிலாக அந்த ஒரு நாவலையே கொடுத்துவிடலாம். எப்போதும் பனி மூடிய கெதென் கிரகத்துக்கு ஜென்லி ஆய் என்ற பூமிக்காரன் தூதனாக வருகிறான். அங்கே இருப்பவர்கள் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. மாதத்தில் சில நாள் மட்டும் ஏதாவது ஒரு பாலாக மாறுவார்கள், அது எதுவாக இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அவன் தங்கியிருக்கும் நாட்டின் பிரதம மந்திரி எஸ்ட்ராவென் அவனை வீட்டுக்கு அழைத்து விருந்து கொடுக்கிறார். மன்னரிடம் இனி உனக்காக நான் பேச முடியாத நிலை என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறார். ஆய்க்குக் கேட்பது துரோகம். இந்த ஆளை நம்பவே முடியாது, பெண்தனமான குழைவு, என்று மனதுக்குள் முடிவு கட்டுகிறான். உண்மையில் எஸ்ட்ராவென் அவனை எச்சரித்துக்கொண்டிருந்தார். அந்த நாட்டு வழக்கப்படி ஒருவருக்கு நேரடியாக ஆலோசனை சொல்வதே அவரை அவமதிப்பது. அதனால் குறிப்பாகத்தான் சொல்ல முடியும். மறுநாள் அவரே துரோகி என்று நாடு கடத்தப்படுகிறார், வெளியேற மூன்று நாள் கெடு.

மேலே சொன்ன ‘ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும் ரகசியம்’ இங்கேயும் இருக்கிறது, கவனித்தீர்களா? ஆனால் அந்த வார்த்தை ஏன் சொல்லப்படவில்லை என்பதற்கு ஒரு முழு நாகரிகமே காரணமாக நிற்கிறது. எழுத்தாளரின் சௌகரியத்துக்காக யாரும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

பிறகு பக்கத்து நாட்டின் தண்டனை முகாமில் சாகக் கிடக்கும் ஆயை அதே எஸ்ட்ராவென்தான் மீட்டு வெளியே கொண்டுவருகிறார். இருவரும் பனிப்பாறைப் பரப்பைச் சறுக்குவண்டி இழுத்துக் கடக்கிறார்கள், 80 நாள் அளவில், ஒரே கூடாரத்தில். அங்கே ஒரு சின்ன இடம். ஆய்க்கு உடம்பு இன்னும் தேறவில்லை. நீ படுத்து ஓய்வெடு என்கிறார் எஸ்ட்ராவென். ஆய்க்குச் சுருக்கென்கிறது. தன்னைவிட ஒரு தலை குட்டை, உடல்வாகோ பெண்ணுடையது போல, இவர் என்னிடம் உத்தரவு போடுவதா? அப்புறம்தான் அவனுக்கு உறைக்கிறது. எஸ்ட்ராவெனுக்கு ஆண்மை, வீரம் என்ற அளவுகோலே கிடையாது. உடம்பு சரியில்லாதவனிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார், அவ்வளவுதான். இதுவரை நடந்த சண்டையில் பாதியை ஆய் தனக்குத் தானே போட்டுக்கொண்டிருக்கிறான்.

பால் என்ற ஒன்று இல்லாத மனிதர் எதிரில் நின்றால்தான் நம் கோபத்தில் எவ்வளவு பங்கு பாலைச் சேர்ந்தது என்று தெரியும். இதைக் கட்டுரையாக எழுதினால் இரண்டு பக்கத்தில் மறந்துபோவோம். கூடாரத்துக்குள், பசியும் குளிருமாக, ஒருவரையொருவர் விட்டால் இருவருமே சாக வேண்டிய இடத்தில் நடப்பதால் மறக்க முடிவதில்லை. கெதெனியர்களின் உடற்கூறு அந்த நாவலின் அறிவியல் என்றால், அதைச் சோதித்துப் பார்க்கும் கூடமே இந்த மனஸ்தாபம்தான். பின்னால் தள்ளப்படுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

லெ குவினே 1974இல் எழுதிய ‘த டிஸ்பொஸெஸ்டு’ நாவலில் சண்டை இன்னும் அற்பமான இடத்தில் நடக்கிறது, அதனாலேயே எனக்கு அது அதிகம் வலித்தது. அனாரெஸ் என்ற உலகில் அரசு கிடையாது, சட்டம் கிடையாது, காசு கிடையாது, சொந்தம் என்று எதுவும் கிடையாது. இளம் இயற்பியலாளன் ஷெவெக் அங்கே சாபுல் என்ற மூத்தவரிடம் வந்து சேர்கிறான். அவனுடைய ஆய்வு அச்சேற வேண்டுமானால் சாபுலின் பெயரும் இணை ஆசிரியராக இருக்க வேண்டும். உரிமை என்ற எண்ணமே ஒழிக்கப்பட்ட ஊரில், இன்னொருவனின் மூளையை ஒருவர் உரிமை கொண்டாடுகிறார்! அவரைத் தட்டிக்கேட்கவும் வழியில்லை. முதலாளி இல்லை, அதனால் முதலாளியிடம் முறையிட முடியாது. சட்டம் இல்லை, அதனால் வழக்குப் போட முடியாது. சாபுல் எந்த அதிகாரத்திலும் இல்லை. ஊர் என்ன நினைக்கும் என்பதை வைத்தே எல்லாவற்றையும் சாதித்துக்கொள்கிறார். சிறுவயதிலேயே ஷெவெக்கை விட்டுவிட்டு வேலையிடம் தேடிப் போன தாய் ருலாக், பல வருடம் கழித்துப் பொதுச் சபையில் அவனுக்கு எதிராக மிகக் கடுமையாகப் பேசுபவளாக வந்து நிற்கிறாள். அவள் சொல்லும் வாதங்கள் அரசியல் ரீதியாகச் சரியாகவே இருக்கின்றன. அதற்கடியில் என்ன ஓடுகிறது என்பது வாசகருக்குத் தெரியும். ஒரு லட்சிய சமூகம் நடைமுறையில் எங்கே கசிகிறது என்று காட்ட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. அந்த ஊரை விரும்பி எழுதியவரே அந்தக் கசிவையும் எழுதியிருக்கிறார்.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு, ஜீவாவின் ஆட்சி எல்லாம் இருந்தாலும், கதை கிளம்புவது அரசாங்க உத்தரவோடு வீட்டுக்குள் வந்து நிற்கும் ரவியிடமிருந்தும் காணாமல் போகும் கணவன் சிபியிடமிருந்தும்தான். யாரை நம்புவது என்று சிபியின் மனைவி நிலா தவிக்கும்போது, பக்கத்தில் இருக்கும் மனிதர்களைவிட ஓர் இயந்திர நாய் நம்பகமாகத் தெரிகிறது.

ஸ்தானிஸ்லாவ் லெமின் ‘சோலாரிஸ்’ (1961) பற்றி ஒரே ஒரு காட்சி. ஆராய்ச்சி நிலையத்தில் மிஞ்சியிருப்பவர்களில் ஒருவரான சார்டோரியஸ், அங்கே புதிதாக வந்திருக்கும் கெல்வினைப் பார்க்க அறைக்கு வெளியே வருகிறார், கதவை முதுகால் அழுத்திப் பிடித்தபடியே. உள்ளே குழந்தையின் காலடி ஓசை. கீழே அந்தக் கிரகத்தை மூடியிருக்கும் உயிருள்ள சமுத்திரம் ஒவ்வொருவரின் நினைவிலிருந்தும் ஓர் ஆளை உருவாக்கி அனுப்பியிருக்கிறது. கெல்வினுக்கு வந்தது, தற்கொலை செய்துகொண்ட மனைவி. ஒவ்வொருவரும் தன்னிடம் வந்தவரை மற்றவர்களிடமிருந்து மறைக்கிறார்கள். வேற்றுயிரோடு பேசப் போனவர்கள் வெட்கத்தினால் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ள முடியாமல் இருக்கிறார்கள்.

அக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’ (1979) நாவலில் காலப் பயணம் எப்படி நடக்கிறது என்ற விளக்கமே கிடையாது. அதனால் பட்லர் அதை அறிவியல் புனைவு என்று சொன்னதில்லை. ஆனாலும் இந்தப் பேச்சில் அதை விட முடியாது. 1976இல் வாழும் கறுப்பினப் பெண் டேனா, 19ஆம் நூற்றாண்டின் தொடக்க கால மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். அடிமைகளை வைத்திருப்பவரின் மகன் ரூஃபஸ் உயிருக்கு ஆபத்தில் இருக்கும்போதெல்லாம் அவள் போய் அவனைக் காப்பாற்ற வேண்டும், ஏனென்றால் அவன் அவளுடைய மூதாதை. அவனுக்குக் குழந்தை பிறக்காவிட்டால் இவள் இல்லை. அந்தக் குழந்தை ஆலிஸ் என்ற பெண்ணிடம் வன்முறையால் பிறக்கப்போகிறது. ஆலிஸை இணங்கச் சொல்லி டேனாவையே தூது போகச் சொல்கிறான் ரூஃபஸ். அந்த இடத்தைப் படித்துவிட்டு என்னால் உடனே பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. அடிமை முறையில் வாழ்ந்தவர்கள் எதை எதை விழுங்கிக்கொண்டு உயிர் பிழைத்தார்கள் என்பதை, அந்தத் தலைமுறையின் வழித்தோன்றலே அதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் நிறுத்திக் காட்டுகிறார். காலப் பயணம் இல்லாமல் இந்தக் குறிப்பிட்ட பொறியை யாராலும் கட்ட முடியாது.

கடைசியாக லியு சிஷினின் ‘த த்ரீ பாடி ப்ராப்ளம்’. 2008இல் சீன மொழியில் புத்தகமாக வந்தது. வேற்றுக்கிரகப் படையெடுப்பு, இயற்பியல் சிக்கல்கள் என்றுதான் பலரும் பேசுகிறார்கள். அதன் வேர் 1967இல், கலாச்சாரப் புரட்சியின் ஒரு மேடையில் இருக்கிறது. யே வென்ஜியேவின் தந்தை, இயற்பியல் பேராசிரியர், அங்கே நான்கு மாணவிகளால் அடித்துக் கொல்லப்படுகிறார். அவருக்கு எதிராக மேடையேறிச் சாட்சி சொல்பவள் அவருடைய மனைவி. பிறகு யே ஒருவனுக்குக் கடிதம் பிரதி எடுத்துக் கொடுத்து உதவுகிறாள், அவனோ தப்பித்துக்கொள்ள அவளையே மாட்டிவிடுகிறான். பல வருடம் கழித்து விண்வெளியிலிருந்து ஒரு செய்தி வருகிறது: பதில் அனுப்பாதே, அனுப்பினால் உங்கள் உலகம் கைப்பற்றப்படும். அவள் பதில் அனுப்புகிறாள். அதற்குப் பிறகும் அந்த மாணவிகளைத் தேடிப்போய் ஒரு வருத்தச் சொல்லாவது வராதா என்று பார்க்கிறாள். வரவில்லை. அவர்களும் அந்தக் காலத்தில் நொறுங்கிப்போனவர்கள், மன்னிப்புக் கேட்க அவர்களிடம் எதுவும் மிச்சமில்லை. மனித குலத்தின் தலையெழுத்து அந்த ஒரு பொத்தானில் இருந்தது என்றால், அதை அழுத்திய விரலுக்குப் பின்னால் அம்மா, மாட்டிவிட்ட அந்த ஆள், நான்கு பெண்கள் இருக்கிறார்கள். இதை நீக்கிவிட்டு ‘அறிவியலை’ மட்டும் படித்தால் அவள் ஏன் அழுத்தினாள் என்பதே விளங்காது.

விண்வெளித் துறையே இதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2010–11இல் மாஸ்கோவில் ஆறு பேரை மூடிய கலம் போன்ற இடத்தில் 520 நாள் வைத்துப் பார்த்தார்கள், செவ்வாய்ப் பயணத்தின் ஒத்திகையாக. செய்திப் பரிமாற்றத்தில் தாமதத்தையும் செயற்கையாகச் சேர்த்தார்கள். பூமிக்கும் செவ்வாய்க்கும் ஒரு செய்தி போக, தூரத்தைப் பொறுத்து 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். அந்தத் தாமதத்தோடு இருவர் சண்டை போடுவதை யோசித்துப் பாருங்கள். குறுக்கே பேச முடியாது. முகம் மாறுவதைப் பார்த்து நிறுத்திக்கொள்ள முடியாது. ஒருவர் மன்னிப்புக் கேட்டு அனுப்பியது வந்து சேர்வதற்குள் மற்றவரின் அடுத்த வசவு கிளம்பியிருக்கும். எழுத நினைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படிக்கத் தொடங்குவதாக இருந்தால் ‘த நேக்கட் சன்’ முதலில், துப்பறியும் கதை என்பதால் வேகமாகப் போகும். ‘லெஃப்ட் ஹேண்ட்’ ஆரம்பத்தில் பெயர்களும் ஊர்களுமாக மெதுவாக நகரும், பலர் அங்கேயே வைத்துவிடுகிறார்கள். விருந்துக் காட்சியைக் கவனமாகப் படித்துவிட்டு, பனிப்பரப்புப் பயணம் வரை பொறுத்திருங்கள். அங்கே போன பிறகு அந்த விருந்துக் காட்சியைத் திரும்பப் புரட்டிப் பார்ப்பீர்கள்.