ஆஸ்பத்திரிக்குத் தெரிந்துவிடுமா?

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியுவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. வீட்டுக்கு வந்தாலும் மானிட்டர் சத்தம் காதில் கேட்கிறது. தூக்கமில்லை, திடீரென்று அழுகை வருகிறது. மனநல மருத்துவரைப் பார்த்தால் நிர்வாகத்துக்குத் தெரிந்து வேலை போய்விடுமா? கூட வேலை செய்பவர் அல்பிரசோலம் (பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை) போட்டுக்கொள்ளச் சொல்கிறார்.

பதில்: பயப்படாமல் போங்கள், சிஸ்டர். உங்கள் ஆஸ்பத்திரியிலேயே மட்டும் காட்டாதீர்கள், அங்கே ஓ.பி. சீட்டு பத்து கை மாறும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, நீங்கள் சொல்வதை உங்கள் சம்மதமில்லாமல் மருத்துவர் நிர்வாகத்திடம் சொல்லக்கூடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், உங்களைக் காப்பாற்றத் தேவையான அளவுக்கு, தேவையானவரிடம் மருத்துவர் பேசலாம். அது உங்கள் அம்மாவாகவோ கணவராகவோ இருக்கும், எச்.ஆர். அல்ல. இதற்குப் பயந்தே பலர் அந்த எண்ணத்தை மறைக்கிறார்கள். மறைக்காதீர்கள். வந்த அன்றே சொல்லுங்கள். நள்ளிரவானாலும் 14416-ஐ அழைக்கலாம்; அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அல்பிரசோலம் வேண்டாம். சில வாரங்களிலேயே பழகிவிடும். பிறகு சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். வார்டு ஸ்டாக்கிலிருந்து எடுத்தால் வேலை உண்மையிலேயே போகும். நீங்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான்!

இன்னொரு கூட்டம் இருக்கிறது. மூன்று நாள் ஆன்லைன் சான்றிதழை வைத்துக்கொண்டு ‘கவுன்சலிங் பேக்கேஜ்’ விற்பவர்கள். பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். எண்ணைச் சொல்லாமல் ‘உங்களுக்கு நெகட்டிவ் எனர்ஜி’ என்று ஆரம்பித்தால் புரிந்துகொள்ளுங்கள்.

‘பர்ன் அவுட்’ எனும் வேலைக் களைப்பை உலக சுகாதார நிறுவனமே 2019-இல் வேலையிடத்தால் வரும் நிலை என்றுதான் வகைப்படுத்தியது. நோய் என்று அல்ல. நிர்வாகமோ போதுமான நர்ஸ்களை வேலைக்கு எடுக்காமல், மே 12 செவிலியர் தினத்தன்று கேக் வெட்டி, யோகா வகுப்பு நடத்தி, ‘மனதைத் திடப்படுத்துங்கள்’ என்கிறார்கள். யாருடைய மனதை?

ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள், அவையும் இப்படிச் சோர்வு தரும். அப்புறம், மருத்துவரிடம் போகும்போது இந்த மாத டூட்டி ரோஸ்டரை போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.