கனடாவில லெக்சரர் வேலை, 14 லட்சம்: உவர்மலைத் தங்கச்சிக்குப் பதில்

திருகோணமலை உவர்மலையிலேருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. வயசு 28, எச்என்டிஈ எண்ட இங்கிலிஷ் டிப்ளோமா முடிச்சவ, நாலு வருஷமா ரியூசன் சென்டர் ஒண்டில ஓ.எல் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிறா. டவுனில ஒரு ஏஜென்சிக்காரர் 120 மணித்தியால ஒன்லைன் டெஃபல் (இங்கிலிஷ் படிப்பிக்கப் பழக்கிற) சேர்டிபிக்கட் எடுத்துத் தந்து, கனடாவில குடியேறி வாற ஆக்களுக்கும் வெளிநாட்டு ஸ்ருடன்ற்ஸுக்கும் இங்கிலிஷ் படிப்பிக்கிற லெக்சரர் வேலையும் எடுத்துத் தாறன் எண்டு சொல்லியிருக்கிறார். மொத்தம் 14 லட்சம், அதில 2 லட்சம் வாற வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டோணுமாம். அம்மாட நகைய அடகு வைக்கலாமா எண்டு கேக்கிறா.

காசு கட்டாதீங்க தங்கச்சி. இத முதல்ல சொல்லிட்டுத்தான் மிச்சத்தச் சொல்லுவன், ஏனெண்டா நீங்க இத வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்த ஆள் இன்னொருக்கா கோல் எடுத்து "சீற் முடியப் போகுது" எண்டு சொல்லுவார். நான் கனடாவில, ரொறன்ரோ ஸ்காபரோவில குடியேறின ஆக்களுக்குக் கன வருஷம் வகுப்பு எடுத்தனான், லெக்சரர் வேலைய சீற் கணக்கில விக்கிறத ஒரு இடத்திலயும் கண்டதில்ல.

முதல்ல ஒரு விஷயம் விளங்கோணும். குடியேறின ஆக்களுக்குப் படிப்பிக்கிறது வேற வேலை, வெளிநாட்டு ஸ்ருடன்ற்ஸுக்குப் படிப்பிக்கிறது வேற வேலை. கனடாவில முதலாவதுக்கு லிங்க் எண்டு பேர், 1992ல தொடங்கின திட்டம், மத்திய அரசாங்கம் காசு குடுக்குது, பிஆர் எண்ட நிரந்தர வதிவிட உரிமை உள்ள ஆக்களும் அகதியா ஏற்றுக்கொண்ட ஆக்களும் இலவசமாப் படிக்கலாம், ஸ்ருடன்ற் விசாவில வந்த பிள்ளை அந்த வகுப்பில இருக்க ஏலாது. அங்க வாறவங்களுக்கு கிளினிக்கில போம் நிரப்போணும், பிள்ளைட ஸ்கூலுக்கு லெட்டர் எழுதோணும், சிற்றிசன்ஷிப்புக்கு கனடிய மொழி அளவுகோலில 4ஆம் படி எடுக்கோணும். ரெண்டாவது, யூனிவர்சிட்டிக்கும் கொலிஜுக்கும் போற பிள்ளைகளுக்கு கட்டுரை எழுத, லெக்சர் கேட்டு நோட்ஸ் எடுக்க, மேற்கோள் காட்டப் பழக்கிறது. அதுக்கு அநேகமா எம்ஏ கேப்பாங்க. உங்கட ஏஜென்சிக்காரர் ரெண்டையும் ஒரே வசனத்தில சேத்துச் சொன்னார் எண்டா அவருக்கு இந்தத் தொழிலப் பற்றி ஒண்டும் தெரியாது, இல்லாட்டி உங்களுக்குத் தெரியாது எண்டு நினைச்சிருக்கிறார்.

இப்ப அந்த 120 மணித்தியாலம். இந்த இலக்கத்த எங்க பாத்தாலும் காணலாம், பேஸ்புக்கில, பஸ் ஸ்ரான்ட் போஸ்டரில, எல்லாத்திலயும். கேம்பிரிட்ஜ்காரர் நடத்துற செல்ரா எண்ட சேர்டிபிக்கட்டுக்கு குறைஞ்சது 120 மணித்தியால நேரடி வகுப்பு எண்டு ஒரு கணக்கு இருக்கு, அந்த இலக்கத்த மட்டும் எடுத்து ஒட்டிட்டு மிச்சத்த விட்டுட்டாங்க. விட்டது என்ன எண்டா, செல்ராவில 6 மணித்தியாலம் உண்மையான படிக்கிற ஆக்களுக்கு முன்னால நிண்டு நீங்க படிப்பிக்கோணும், ரியூட்டர் ஒராள் பின்னால இருந்து பாத்து எழுதுவார், முடிஞ்சோன நீங்க எங்க பிழை விட்டீங்க எண்டு மற்ற ஆக்களுக்கு முன்னாலயே சொல்லுவார். ட்ரினிட்டிக்காரர்ர சேர்ட் டெசோலும் இதே மாதிரித்தான். அந்த 6 மணித்தியாலத்துக்குத்தான் பெறுமதி. ஏஜென்சி தாற சேர்டிபிக்கட்டில வீடியோ பாத்து நாலு விடையில ஒண்டக் கிளிக் பண்ணினாப் போதும். அத வச்சு ஒண்டாரியோ மாகாணத்தில லிங்க் வகுப்புக்குள்ள நுழைய ஏலாது, அங்க டெசல் ஒண்டாரியோ எண்ட அமைப்பில பதிஞ்ச ரீச்சரா இருக்கோணும், அதுக்கு டிகிரியும் வேணும், அவங்க ஏற்றுக்கொண்ட பயிற்சியும் வேணும்.

அப்ப ஒன்லைன் எல்லாமே பேய்க்காட்டோ எண்டு கேப்பீங்க. இல்ல, இதில ஒரு விதிவிலக்கு இருக்கு, அத வடிவா விளங்கிக்கொள்ளுங்க, ஏனெண்டா புரோக்கர்மார் இந்த ஓட்டைக்காலதான் உள்ள வருவாங்க. கொரோனா காலத்துக்குப் பிறகு செல்ராவையே முழுக்க ஒன்லைனில செய்யலாம், அதுவும் உண்மையான செல்ராதான். ஆனா ஒன்லைன் செல்ராவிலயும் அந்த 6 மணித்தியாலம் இருக்கு, சூமில உண்மையான ஆக்கள் வந்து இருப்பாங்க, அவங்களுக்கு நேரடியாப் படிப்பிக்கோணும், ரியூட்டர் பாத்துக்கொண்டிருப்பார். ஆனபடியா கோர்ஸ் ஒன்லைனா நேரிலயா எண்டு கேக்காதீங்க, "நான் படிப்பிக்கிறத ஆர் பாக்கிறது, எத்தனை மணித்தியாலம், எனக்கு முன்னால இருக்கப்போறது ஆர்" எண்டு கேளுங்க. அந்த மூண்டுக்கும் நேரான பதில் வராட்டி எழும்பி வந்திருங்க. இன்னொண்டு, கேம்பிரிட்ஜ் சென்டர் எண்டு சொன்னா கேம்பிரிட்ஜ்ட இணையத்தளத்தில அந்த சென்டர்ட பேர் இருக்கா எண்டு நீங்களே தேடிப் பாருங்க, அவங்கட போனில அவங்க திறந்து காட்டுற பக்கத்தப் பாத்திட்டு நம்பாதீங்க. இன்னொண்டும் இருக்கு, சில வேலை தாற இடங்கள் நேரில வகுப்பறைக்குள்ள நிண்டு படிப்பிச்ச மணித்தியாலத்தத் தனியாக் கேக்கும், அதால ஒன்லைன் செல்ரா செய்தாலும் இங்க நேரில படிப்பிக்கிற வேலைய விடாதீங்க, சென்டரிட்ட எழுத்தில கடிதம் வாங்கி வையுங்க, எந்தத் திகதியிலேருந்து எந்தத் திகதி வரைக்கும், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எந்த வயசு ஆக்கள் எண்டு எல்லாம் போட்டு.

உங்கட உண்மையான பிரச்சினை சேர்டிபிக்கட் இல்ல, டிகிரி. எச்என்டிஈ நல்ல படிப்பு, நான் குறைச்சுச் சொல்லேல்ல, ஆனா அது டிப்ளோமா, வெளியில கேக்கிறது டிகிரி. ஏஜென்சிக்காரர் "அது டிகிரிக்குச் சமம்" எண்டு சொல்லியிருந்தா, எந்த நாட்டில, ஆர் சொன்னது எண்டு கேளுங்க. இலங்கையில ஒரு பதவிக்குச் சமமா எடுக்கிறது வேற, கனடாவில வெஸ் மாதிரி மதிப்பீடு செய்யிற இடம் டிகிரி எண்டு எழுதித் தாறது வேற. ஓபின் யூனிவர்சிட்டியில இங்கிலிஷும் இங்கிலிஷ் கற்பித்தலும் சேந்த டிகிரி இருக்கு, வேலை செய்துகொண்டே படிக்கலாம். உங்கட எச்என்டிஈக்கு ஏதாவது பாடத்தில விலக்குத் தருவாங்களா எண்டு பதியிறதுக்கு முதல் எழுத்தில கேட்டு வாங்குங்க, கவுண்டரில ஒராள் வாயால சொன்னதுக்குப் பெறுமதி இல்ல.

இத எழுதேக்கயே எனக்கு எரிச்சல் வருது. என்ட டிகிரி மதிப்பீட்டுக்கு ரான்ஸ்கிரிப்ற் ஒண்ட சீல் வச்சு நேரா அனுப்பச் சொல்லி நான் படிச்ச இடத்துக்கு எழுதினன், ஏழு மாசம் போச்சுது, கையெழுத்து வைக்கிறவர் லீவு, சீல் வேற அறையில, என்வலப் முடிஞ்சுபோச்சு, ஒவ்வொருக்கா கோல் எடுக்கேக்கயும் ஒவ்வொரு கதை. ஒரு பிள்ளைட எதிர்காலம் ஒரு என்வலப்புக்காக மேசையில கிடக்குது, கேக்க ஆள் இல்ல. இந்த இழுபறியாலதான் சனம் புரோக்கரிட்ட ஓடுது, அவன் "எல்லாம் நான் பாக்கிறன்" எண்டு சொன்னோன நிம்மதியாப் போகுது. அதால வேணுமோ வேண்டாமோ, இப்பவே ரான்ஸ்கிரிப்ற் ரெண்டு மூண்டு கொப்பிக்கு எழுதிப் போடுங்க. வெளிவிவகார அமைச்சின்ட அத்தாட்சி தேவைப்பட்டா கொழும்புக்கு ஓடத் தேவையில்ல, திருகோணமலையிலயே பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் இருக்கு. அந்த வேலையச் செய்து தாறன் எண்டு தரகர் கேட்டா ஒரு சதமும் குடுக்காதீங்க.

இப்ப நல்ல விஷயம் ஒண்டு சொல்லுறன், இது ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. என்ட முதல் லிங்க் வகுப்பில ஆப்கானிஸ்தான் அம்மா ஒராள், எரித்திரியாப் பெடியன், சீனாவிலேருந்து வந்த தாத்தா, சிரியாவிலேருந்து தாயும் மகளும், நம்மட ஊர் ஆக்கள் ரெண்டு பேர். ஒரு சொல் விளங்கேல்ல எண்டா நான் தமிழில சொல்லித் தப்ப ஏலாது. சிலபேர் தங்கட பாஷையிலயே ஒரு நாளும் பேனா பிடிக்காதவங்க, அவங்களிட்ட ரென்ஸ், பாசிவ் வொய்ஸ் எண்டு தொடங்கினா அடுத்த நாள் வர மாட்டாங்க. அண்டைக்கு எனக்குத் தெரிஞ்ச படிப்பிப்பு முழுக்கக் கழண்டு விழுந்த மாதிரி இருந்தது. ஓ.எல் பிள்ளைகளுக்கு தமிழில விளக்கி பாஸ்ற் பேப்பர் செய்விக்கிறதும் இதுவும் ஒரே தொழில் இல்ல.

ஆனா நீங்க இருக்கிற ஊர் திருகோணமலை. தமிழ்ப் பிள்ளையும், கிண்ணியா மூதூர் முஸ்லிம் பிள்ளையும், கந்தளாயிலேருந்து வாற சிங்களப் பிள்ளையும் ஒரே வகுப்பில இருக்கக்கூடிய ஊர் இலங்கையில எத்தனை இருக்கு? கோணேசபுரியில இருக்கிற கம்பஸில அப்பிடித்தான், நாட்டின்ட எல்லாப் பக்கத்தாலயும் பிள்ளைகள் வருது. உங்களுக்கு வேண்டியது அப்பிடி ஒரு வகுப்பு. கம்பஸில இங்கிலிஷ் படிப்பிக்க விசிற்றிங்குக்கோ தற்காலிகத்துக்கோ ஆள் கேட்டா டிகிரி முடிஞ்ச கையோட போடுங்க. அதுவரைக்கும் உங்கட சென்டரிலயே சனிக்கிழமை பின்னேரம் பெரிய ஆக்களுக்கு, மூண்டு சனமும் சேந்து, ஹோட்டலில வேலை செய்யிற பெடியனும் கடை வச்சிருக்கிற அக்காவும் வாற மாதிரி ஒரு வகுப்புத் தொடங்குங்க. தமிழ் ஒரு சொல்லும் பாவிக்காம ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பாருங்க. முதல் மாசம் வேர்த்துக் கொட்டும். நாளைக்கு இன்ரவியூவில "பலமொழி வகுப்ப எப்பிடி நடத்துவீங்க" எண்டு கேக்கேக்க, உங்களிட்ட சொல்ல உண்மையான கதை இருக்கும்.

கனடா வேலைக் கடிதத்துக்கு வாறன். ஒரு முதலாளி வெளிநாட்டு ஆள எடுக்கோணும் எண்டா பெரும்பாலும் எல்எம்ஐஏ எண்ட அனுமதி எடுக்கோணும், அதுக்கு 1000 கனடா டொலர் கட்டணம், அத முதலாளிதான் கட்டோணும், வேலைக்கு வாறவரிட்ட வாங்கிறது சட்டப்படி பிழை. உங்கட 14 லட்சத்தில "எல்எம்ஐஏ சார்ஜ்" எண்டு ஒரு வரி இருந்தா அதுவே போதும், அந்தத் தாள போட்டோ எடுத்து வையுங்க. அதோட "ஜொப் ஒபருக்கு பொயின்ட்ஸ் கிடைக்கும், பிஆர் கெதியா வரும்" எண்டு சொல்லியிருந்தா, பிஆருக்கு ஆள் தெரியிற எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில அந்தப் பொயின்ட்ஸ 2025 மார்ச் 25 ஓட எடுத்திட்டாங்க. 2024 ஜனவரியில ஸ்ருடன்ற் விசாவுக்கு எல்லை போட்ட பிறகு கொலிஜுகளுக்கு வாற பிள்ளைகள் குறைஞ்சு, இருக்கிற ரீச்சர்மாரையே நிப்பாட்டுறாங்க. அங்கயே ஆள் வேலையில்லாம நிக்கேக்க, உவர்மலையிலேருந்து டிகிரி இல்லாத ஒராள லெக்சரரா எடுக்க எந்தக் கொலிஜ் மினக்கெடப் போகுது?

கடைசியில அவர் என்ன செய்வார் தெரியுமா, "வேலை விசா சுணங்குது, ஸ்ருடன்ற் விசாவில போய் மாத்துவம்" எண்டுவார். அதுதான் அவருக்கு உண்மையான உழைப்பு, கொலிஜ் கொமிஷன் குடுக்கும். 2024 நவம்பர் 1க்குப் பிறகு டிகிரி இல்லாத கோர்ஸுகளுக்கு, படிச்ச பிறகு வேலை அனுமதி தாறதுக்கு என்ன துறை எண்டும் பாக்கிறாங்க, எல்லாக் கோர்ஸுக்கும் கிடையாது. விசா ஆலோசனைக்குக் காசு வாங்கிற ஆள் கனடாவில பதிஞ்ச கொன்சல்டனா, லோயரா எண்டு பதிவேட்டில பேரப் போட்டுப் பாக்கலாம், அது எல்லாருக்கும் திறந்திருக்கு.

கொரியா, சீனா எண்டு வேற ஏஜென்சி வந்தா அதையும் விடுங்க. கொரியாவில இங்கிலிஷ் ரீச்சர் விசாவுக்கு இங்கிலிஷ் தாய்மொழியா உள்ள ஏழு நாட்டுப் பாஸ்போட்தான் பெரும்பாலும் பாக்கிறாங்க, இலங்கை அதில இல்ல. எவ்வளவு நல்லாப் படிப்பிச்சாலும் பாஸ்போட்டப் பாத்து ரீச்சரத் தீர்மானிக்கிறாங்க, இது அநியாயம், ஆனா உங்கட நகைய வச்சு அதோட மோத ஏலாது.

உங்கட வயசுக்கு இன்னும் நேரம் இருக்கு. டிகிரி முடிச்சா யூகே அரசாங்கம் தாற செவ்னிங் ஸ்கொலர்ஷிப் இருக்கு, யூகேயில ஒரு வருஷ எம்ஏ, படிப்புக் காசும் செலவும் அவங்க, 2800 மணித்தியால வேலை அனுபவம் கேப்பாங்க, பகுதிநேரமும் எண்ணுவாங்க, முடிச்சிட்டு ரெண்டு வருஷம் ஊரில இருக்கோணும். அந்த ரெண்டு வருஷத்த நட்டம் எண்டு நினைக்காதீங்க, எம்ஏயோட வந்தா இங்க கம்பஸ் வேலைக்கே போடலாம். யூகே யூனிவர்சிட்டிகளில கோடை காலத்தில பிரீ செஷனல் எண்ட, படிப்புத் தொடங்க முதல் நடத்துற இங்கிலிஷ் வகுப்புக்கு கொஞ்சக் கிழமைக்கு ஆள் எடுப்பாங்க, ஒஸ்ரேலியாவில வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எலிகொஸ் எண்டு இங்கிலிஷ் வகுப்பு இருக்கு, கிழமைக்கு 20 மணித்தியாலம், வகுப்புக்கு ஆகக்கூடினது 18 பேர். ரெண்டிலயும் பெரும்பாலும் கொன்ராக்ற்தான். நிரந்தர வேலை எண்டு ஆராவது சத்தியம் பண்ணினா நம்பாதீங்க. நானே எத்தனையோ வருஷம் செமஸ்ரருக்கு செமஸ்ரர் கடிதம் பாத்துக்கொண்டு இருந்தனான்.

வெள்ளிக்கிழமைக்கு முதல் செய்ய வேண்டியது ஒண்டுதான். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ட 1989 எண்ட போன் இலக்கத்துக்கு எடுத்து அந்த ஏஜென்சிட உரிம இலக்கத்தச் சொல்லி உண்மையா எண்டு கேளுங்க, அதோட நிக்காதீங்க, "இந்தக் கனடா வேலைக்கு உங்களிட்ட அனுமதி எடுத்திருக்கிறாங்களா" எண்டும் கேளுங்க, ஏனெண்டா உரிமம் இருக்கிற ஏஜென்சியும் ஒவ்வொரு வேலைக்கும் தனியா அனுமதி எடுக்கோணும். "நாங்க எடியூகேஷன் கொன்சல்டன், எங்களுக்கு அது தேவையில்ல" எண்டு சொன்னா, அப்ப வேலைக்கு ஆள் சேக்கவும் அவங்களுக்கு உரிமை இல்ல. பாஸ்போட் ஏற்கனவே அவங்களிட்ட குடுத்திருந்தா நாளைக்கே அண்ணாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போய் திருப்பி வாங்குங்க.