நான்கு டம்ளர் காபியில் இனக்கலப்பு

கேள்வி: பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு மாலையில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கார்பனில் இணை சேராத எலக்ட்ரான்கள் இரண்டுதானே, மீத்தேனில் நான்கு பிணைப்புகள் எப்படி வந்தன என்று கேட்கிறார்கள். அணுவின் ஆர்பிட்டால்களை, அதாவது எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய பகுதிகளை, கலந்து ஒரே மாதிரியாக்கும் இனக்கலப்பை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஓர் எஸ்ஸும் மூன்று பியும் கலந்ததைக் குறிக்கும் எஸ்பி3 என்ற பெயரைச் சற்றுத் தள்ளிவைத்து, அளந்தறிந்த உண்மையிலிருந்து தொடங்குங்கள். மீத்தேனின் நான்கு பிணைப்புகளும் ஒரே நீளமுடையவை, சுமார் 109 பிக்கோமீட்டர். எந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் 109.5 பாகை. கார்பனின் வெளிக்கூட்டிலோ உருண்டையான ஒரு 2எஸ் ஆர்பிட்டாலும், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று 2பி ஆர்பிட்டால்களும் உள்ளன. 2எஸ் எலக்ட்ரான் ஒன்றைக் காலியான 2பிக்கு ஏற்றினால் பிணைப்பின் எண்ணிக்கை சரியாகிவிடும். ஆனால் மூன்று பிணைப்புகள் 90 பாகையில் நிற்க, நான்காவதற்குத் திசையே இராது. இந்த முரணுக்கு விடையாகத்தான் 1931இல் லைனஸ் பாலிங் இனக்கலப்பை முன்வைத்தார் என்று சொன்னால், அது எதற்கு என்பது மாணவர்களுக்கு விளங்கும்.

இனி எஸ்ஸுக்கு ஒரு டம்ளர் டிகாக்ஷனையும் பிக்கு மூன்று டம்ளர் பாலையும் ஒரே பாத்திரத்தில் கலந்து, மீண்டும் நான்கு டம்ளர்களில் ஊற்றிக் காட்டுங்கள். எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் ஒவ்வொன்றிலும் கால் பங்கு எஸ், முக்கால் பங்கு பி. திசையைக் காட்டக் காபியால் முடியாது. அதற்கு, ஒரே அளவில் ஊதிய நான்கு பலூன்களை வாயோடு வாய் சேர்த்துக் கட்டினால் போதும். அவை தாமாகவே விலகி நான்முகியாக நிற்கும்.

இந்த உவமையின் உண்மையான பயன் எத்திலீனில்தான் தெரியும். ஒரு டம்ளர் பாலைக் கலக்காமல் தனியே வைத்துவிட்டால் கிடைப்பவை மூன்று டம்ளர் காபி, அதாவது ஒரே தளத்தில் 120 பாகையில் அமையும் மூன்று எஸ்பி2 ஆர்பிட்டால்கள். எடுத்துவைத்த அந்தப் பால்தான் பக்கத்துக் கார்பனின் பி ஆர்பிட்டாலுடன் பக்கவாட்டில் மேற்பொருந்திப் பை பிணைப்பாகிறது. இரண்டு டம்ளர் பாலை எடுத்துவைத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அசிட்டிலீனின் நேர்கோட்டு வடிவத்தையும் முப்பிணைப்பையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஓர் எச்சரிக்கை. கார்பன் முதலில் தன் ஆர்பிட்டால்களைக் கலந்து வைத்துக்கொண்டு, பிறகு ஹைட்ரஜனுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிவிடாதீர்கள். இனக்கலப்பு என்பது அணுவில் படிப்படியாக நடக்கும் நிகழ்ச்சி அன்று. மூலக்கூறின் வடிவத்தை விளக்க நாம் கையாளும் கணக்குமுறை.