கர்ப்பப்பை இறங்கினால் எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

மகளிர் நலம்: வாசகர் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவர்கள் பதில்

கேள்வி: எனக்கு வயது 46. மூன்றும் சுகப்பிரசவம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். சாயங்காலம் மூட்டையை எடை போடத் தூக்கிப் போகும்போது அடியில் உருண்டையாக ஏதோ இறங்குகிறது. படுத்தால் உள்ளே போய்விடுகிறது. 'கர்ப்பப்பை இறங்கிடுச்சு, எடுத்துடு' என்கிறார்கள். வேறு வழியே இல்லையா?
வாசகி, கோத்தகிரி

பதில்: இருக்கிறது அம்மா. முதலில் இறங்கியிருப்பது எது என்று தெரிய வேண்டும். கர்ப்பப்பைக்கு முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். மூன்றில் எது சரிந்தாலும் கைக்கு உருண்டையாகத்தான் தட்டுப்படும். பரிசோதித்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

நம் மலையில் விளையும் பேரிக்காயைக் காம்பு கீழே வரும்படி பிடித்துப் பாருங்கள். கர்ப்பப்பையின் உருவம் அதுதான். நீளம் சுமார் 7.5 செ.மீ. காம்புப் பக்கம் கர்ப்பப்பை வாய். இதைப் பின்பக்கமும் பக்கவாட்டிலும் இடுப்பெலும்போடு தசைநார்கள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. கீழே தூளித் துணி மாதிரி ஒரு தசைத் தளம் தாங்குகிறது. பிரசவத்தில் அந்தத் துணி இழுபட்டுத் தளரும். மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இன்னும் மெலியும். அதன்மேல் சுமை, நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது எல்லாம் சேர்ந்து கீழே தள்ளுகின்றன. நாள் முழுக்க நின்ற பிறகு அதிகமாவதும், படுத்தால் குறைவதும் அதனால்தான்.

ஆரம்ப நிலை என்றால் தசைப் பயிற்சி நல்ல பலன் தரும். காற்றையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்நோக்கி இழுங்கள். 5 விநாடி பிடித்து, 5 விநாடி தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு 10 முறை, தினம் மூன்று தடவை. பழகப் பழகப் பிடிக்கும் நேரத்தை 10 விநாடி வரை கூட்டலாம். மூச்சைப் பிடித்து வயிற்றை முக்கினால் பலன் தலைகீழாகும். பலர் தவறுவது இங்கேதான். பிட்டத்தையும் தொடையையும் இறுக்குவதும் வீண். சிறுநீர் கழிக்கும்போது செய்து பழக வேண்டாம். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் தெரியும். அதுவரை மூட்டையை இரண்டாகப் பிரித்துத் தூக்குங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் சிலிக்கான் வளையம் இருக்கிறது. அளவு பார்த்து உள்ளே பொருத்துவார்கள். வைத்தபின் நடந்து, இருமி, சிறுநீர் கழித்துப் பார்த்துவிட்டே வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். நழுவினால் அளவு சிறிது. வலித்தாலோ சிறுநீர் அடைத்தாலோ பெரிது. சொன்ன தேதியில் போய்க் கழற்றிச் சுத்தம் செய்து, புண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது கட்டாயம். அறுவை சிகிச்சையிலும் கர்ப்பப்பையை எடுக்காமல் மேலே இழுத்துத் தைக்கும் முறை உண்டு. எடுப்பதே நல்லது என்று மருத்துவர் சொன்னால், சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கிறார்களா என்று கேளுங்கள். அவை வேறு உறுப்பு. ஹார்மோன் சுரப்பது அவைதான். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உருண்டையில் புண் வந்து ரத்தம் கசிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 35 நாளுக்கு ஒருமுறை தவறாமல் மாதவிலக்கு வருகிறது. 14-ம் நாளைக் கணக்கு வைத்தும் எட்டு மாதமாகக் குழந்தை தங்கவில்லை.
வாசகர், பூம்பாறை

பதில்: கணக்கில்தான் பிழை. கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு. 28 நாள் சுழற்சிக்கு அது 14-ம் நாள்; உங்கள் மனைவிக்கு 21-ம் நாளை ஒட்டி வரும். முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். ஆகவே 16 முதல் 21-ம் நாள் வரை ஒன்றுவிட்ட நாள் சேர்ந்தால் போதும். அந்த நாட்களில் வெள்ளைப்படுதல் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி விரலில் இழுபடும். நாள்கணக்கைவிட அது நல்ல அடையாளம். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் இப்போதே இருவரும் பரிசோதனைக்குப் போங்கள். இல்லையென்றால் ஒரு வருடம் முடியும்வரை பார்க்கலாம்.

கேள்வி: ஊட்டிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்தால் தீட்டு ரத்தம் உள்ளேயே உறைந்துவிடும் என்கிறார் மாமியார். மகளுக்குக் கட்டி கட்டியாகப் போகிறது.
வாசகி, உதகை

பதில்: உறையாது. கர்ப்பப்பை இருப்பது உடம்பின் உள்சூட்டில். ரத்தப்போக்கு வேகமாக இருந்தால் கட்டி விழும். ஒரு நாப்கின் ஒரு மணி நேரத்தில் நனைந்தாலோ, ஏழு நாளைத் தாண்டினாலோ மருத்துவரிடம் காட்டி, ஹீமோகுளோபினும் பாருங்கள். சாப்பாட்டோடு டீ கொடுக்காதீர்கள். இரும்புச்சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.