பார் கட்டறவங்க கேட்ட கேள்விகள்: ஐஸ் எங்க, கல்லு எது, வெளிச்சம் எவ்வளவு

இந்த தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல காக்டெயில் பார் இன்டீரியர் பத்தித்தானுங்க. எல்லாரும் சுவரு, சீலிங், சோபா கலர்னு கேக்கறீங்க, கவுண்டருக்கு உள்ள எட்டு மணி நேரம் நிக்கப்போற ஆளைப் பத்தி ஒருத்தர் கூட கேக்கல. நான் ப்ளான் வரையறப்ப அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன், அதனால பதிலும் அப்படித்தான் வரும்.

திருப்பூர்ல ஸ்டார் ஹோட்டல் எங்களுது, ஹோட்டல் பாருக்கான எஃப்எல்3 லைசென்ஸ் இருக்கு. பார் ரூம் 20க்கு 40 அடி. கவுண்டர் எங்க போடறது, உயரம் எவ்வளவு?

உயரம் 42 இஞ்ச், ஸ்டூல்ல உக்கார்ற எடம் 30 இஞ்ச். நடுவுல அந்த 12 இஞ்ச் இருந்தாத்தான் தொடை இடிக்காம உக்கார முடியும். மேல்பலகை வெளிப்பக்கம் 10 இஞ்சாவது நீட்டிக்கிட்டு இருக்கணும், இல்லைன்னா முட்டி சுவத்துல முட்டும். ஒரு ஆளுக்கு 2 அடி அகலம்பாங்க, நம்மாளுக ஒட்டுக்கா நாலஞ்சு பேரா வந்து பக்கத்து ஆளு பக்கம் திரும்பி உக்காந்து பேசறவங்க, அதனால நான் 26 இஞ்ச் விடுவேன். கால் வெக்கற கம்பி தரைல இருந்து 8 இஞ்ச்ல வரட்டும், அதுக்கு ப்ராக்கெட் கோயமுத்தூர் ஃபவுண்ட்ரில வார்த்து வாங்கிக்கோங்க, ஷீட்ல வளைச்சு அடிச்சதெல்லாம் ஆறு மாசத்துல ஆடிப்போகும்.

எடம் பாத்தா 40 அடி சுவத்தை ஒட்டிப் போடுங்க, ஆனா ஸ்டோர் ரூம் கதவு கவுண்டர் பக்கமே இருக்கணும், ஐஸ் தூக்கிட்டு வர்ற பையன் கஸ்டமர் டேபிளுக்கு நடுவுல வரக்கூடாது. இப்ப கணக்கு போடுங்க: பின்னாடி பாட்டில் ஷெல்ஃப் 2 அடி, ஆளு நிக்க 3 அடி, கவுண்டர் 2 அடி, ஸ்டூலும் அதுக்குப் பின்னாடி நிக்கிறவரும் 3 அடி. 20ல 10 அடி போச்சு. வெசனப்படாதீங்க, அந்த 10 அடிதான் உங்க பாரே, மிச்ச 10 அடில டேபிள் போட்டாப் போதும்.

உள்பக்கம் வேலை செய்யற மேடை 36 இஞ்ச். ஐஸ் தொட்டி நடுவுல, அதுக்கு முன்னாடி அடிக்கடி எடுக்கற பாட்டிலை வரிசையா நிறுத்தற நீளத் தட்டு, ஒரு கைப்பக்கம் சிங்க், அதுக்கு கீழ குப்பைத் தொட்டி. ஒரு ட்ரிங்க் செய்ய பார்டெண்டர் ஒரு எட்டுக்கு மேல வெக்கக்கூடாது.

அப்புறம் ஃப்ளோர் ட்ரெயின், அதாவது தரைல தண்ணி வடிஞ்சு போற குழாய். இதை நான் அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்குங்க. என்னோட ஆரம்ப காலத்து பார் ஒண்ணுல ஐஸ் தொட்டிக்கு அடில ட்ரெயின் லைன் வெக்க விட்டுட்டேன். உருகற தண்ணிய பக்கெட்ல புடிச்சாங்க, ராத்திரி கூட்டத்துல பக்கெட் வழிஞ்சு, மூணே மாசத்துல கீழ இருந்த ப்ளைவுட் அப்பளம் மாதிரி உப்பிடுச்சு. பார்டெண்டர் அந்த ஈரத்துலயே நின்னு வேலை பாத்ததை நெனச்சா இன்னும் மனசு சங்கடமா இருக்கு. தரை ஓடு ஒட்டறதுக்கு முன்னாடியே ட்ரெயின் போட்டுப்போடுங்க, உள்பக்கம் முழுசா 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல பண்ணுங்க. உங்க ஊரு போர் தண்ணி உப்பு, ஐஸ் மெஷினுக்கு ஆர்ஓ வேணும், அதுக்கும் எடம் ஒதுக்குங்க.

கவுண்டர் மேல கருப்பு கடப்பா கல்லு போடலாமா? ரேட் கம்மியா இருக்கு.

வேண்டாங்க. கடப்பா, கோட்டா, மார்பிள் மூணுமே சுண்ணாம்புச் சத்து உள்ள கல்லு, எலுமிச்சை பட்டா அரிக்கும். சந்தேகமா இருந்தா ஒரு துண்டு சாம்பிள் வாங்கி அரை எலுமிச்சம்பழத்தை கவுத்து வெச்சுட்டு காலைல எடுத்துப் பாருங்க, பழம் இருந்த வட்டம் மட்டும் பாலீஷ் போயி வெளுத்து நிக்கும், துடைச்சாலும் போகாது. காக்டெயில் பார்ல நாள் பூரா எலுமிச்சை சிந்திக்கிட்டே இருக்கும். கிரானைட் போடுங்க.

அண்ணா, எங்களுக்கு கெடைச்சதே 300 சதுர அடிதான், ஆர்.எஸ்.புரம் பக்கம் கிளப் ஒண்ணுக்குள்ள. சுத்தியும் கண்ணாடி வெச்சா பெருசா தெரியுமா?

சுத்தியும் வெச்சா சலூன் மாதிரி ஆயிடும் தம்பி. 1908ல வியன்னாவுல அடால்ஃப் லூஸ்ங்கற ஆர்க்கிடெக்ட் பண்ணுன அமெரிக்கன் பார் இன்னும் இருக்கு, சுமாரா 27 சதுர மீட்டர், நம்ம கணக்குல 290 சதுர அடி, உங்க ரூமை விட சின்னது. அவரு கண்ணாடிய உக்காந்திருக்கறவங்க கண்ணு மட்டத்துக்கு மேலதான் வெச்சாரு. கீழ பூரா மஹோகனி மரம். அதனால கண்ணாடில ஆளுக தெரியறதில்ல, கட்டம் கட்டமா இருக்கற மார்பிள் சீலிங் மட்டும் தெரியும், அது சுவத்துக்கு அக்கட்டயும் தொடர்ந்து போற மாதிரி கண்ணு நம்பிடும். கீழ சுவரு நெருக்கமா, மேல எடம் விரிஞ்சு. நீங்களும் 6 அடிக்கு மேல வெச்சுப் பாருங்க, ஆனா சீலிங் நல்லா இருக்கணும், ஏசி டக்ட்டும் வயரும் இருந்தா கண்ணாடி அதையும்தான் ரெட்டிப்பாக்கும்.

எங்க பார்ல எட்டு மணிக்கு மேல பக்கத்துல பேசறதே கேக்கறதில்லைங்க. தரை கோட்டா, ஒரு பக்கம் பூரா கிளாஸ்.

ரூம் காலியா இருக்கறப்ப ஒருக்கா கை தட்டிப் பாருங்க, சத்தம் ங்ணீன்னு இழுத்துக்கிட்டு நின்னா அதுதான் வியாதி. பாட்டு சத்தத்தை கொறைக்கறது பாதி மருந்துதான். சீலிங்ல ஆரம்பிங்க, அங்கதான் கை படாத எடம் நெறைய. 2 இஞ்ச் ரீப்பர் கட்டை அடிச்சு, நடுவுல சத்தத்தை உறிஞ்சற ராக்வூல் பஞ்சு வெச்சு, மேல துணி இழுத்துக் கட்டுங்க. துணிக்கு நம்ம பவானி ஜமக்காளம் எனக்கு ரொம்பப் புடிக்கும், அந்தக் கோடும் கலரும் மங்கல் வெளிச்சத்துல அவ்வளவு அழகா நிக்கும். ஆனா சுவத்துல நேரா ஒட்டுனா சத்தம் பெருசா கொறையாது, பின்னாடி ராக்வூலும் காத்துக்கு எடமும் இருக்கணும். தீப்புடிக்காத ட்ரீட்மென்ட் குடுக்காம எந்தத் துணியும் மாட்டாதீங்க. பொள்ளாச்சி கயிறு மேட்டுக்கும் இதேதான்.

லைட் என்ன போடறது?

மஞ்சளா தெரியற 2700 கெல்வின் லைட், எல்லாத்துக்கும் வெளிச்சம் கூட்டிக் கொறைக்க டிம்மர், கலர் சரியா தெரிய சிஆர்ஐ 90. தலைக்கு நேர் மேல ஸ்பாட் வேண்டாம், கண்ணுக்கு கீழ நெழல் விழுந்து எல்லாரும் தூங்காதவங்க மாதிரி தெரிவாங்க. வெள்ளை லைட் போட்டா நகைக்கடைதான். பார்டெண்டர் கைக்கு மட்டும் கவுண்டர் விளிம்புக்கு அடில தனி ஸ்ட்ரிப் குடுங்க, லேபிளும் அளவும் அவருக்கு தெளிவா தெரியணும்.

ஈரோட்டுல மாக்டெயில் (சாராயம் இல்லாத காக்டெயில்) மட்டும் உள்ள கடை போடறோம். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா அக்கா?

(இந்தப் பொண்ணு என்னை அக்கான்னே நெனச்சுட்டாங்க, பரவால்ல கண்ணு.) அளவெல்லாம் அப்படியே எடுத்துக்கோ. பாட்டில் ஷெல்ஃபைக் கொறைச்சு ஃப்ரிட்ஜைக் கூட்டு, பழம் கழுவ ரெண்டாவது சிங்க் வை, மிக்ஸிய கவுண்டர் மேல வெக்காம கதவு வெச்ச பொட்டிக்குள்ள வை. ட்ரெயின் உனக்கும் உண்டு.